ஸ்பிளெண்டர் டேங்க், சைடு பேனல்: வீட்டிலேயே ஸ்பிரே கேன்ல அடிக்கணும், பெட்ரோல் பட்டாலும் நிக்கணும்

கருப்பு_பிளஸ்:

வண்டி 2008 ஸ்பிளெண்டர் பிளஸ். அதே கறுப்புதான் திரும்ப அடிக்கப் போறேன், மெட்டாலிக் கிடையாது. இப்போதைய நிலைமை:

டேங்க் வலது பக்கம் ஹேண்டில்பார் இடிச்சு அஞ்சு ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு நசுங்கல், ஆழம் 2 மி.மீ. இருக்கும். மூடிக்குக் கீழே பெட்ரோல் வழிஞ்ச தடம் மங்கிப்போய் உரியுது. கீழ் விளிம்பில நாலஞ்சு இடத்தில பெயிண்டுக்கு அடியில துரு கொப்புளம் கட்டியிருக்கு. பல வருஷமா ரெக்சின் டேங்க் கவர் போட்டிருந்த வண்டி. இடது பக்கம் யாரோ ஹார்டுவேர் கடை எனாமலை பிரஷ்ல தடவி வெச்சிருக்காங்க.

இடது சைடு பேனல்ல மேல் காது ஒடிஞ்சு தனியா கையில இருக்கு. பின் கவுல் (சீட்டுக்குக் கீழே பின்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மூடி) வெறுமனே வெளுத்துப்போச்சு, வேற சேதம் இல்லை.

கேட்க வேண்டியது: பழைய பெயிண்டை முழுக்க எடுக்கணுமா, உரசிவிட்டு மேல அடிச்சா போதுமா? 400 மி.லி. கேன் எத்தனை வாங்கணும்? 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து இறுகற, கறுப்புக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கோட்) விலை சாதா கிளியரைவிட ரொம்ப அதிகம், அது கட்டாயமா? மாஸ்க் என்95 வகையெல்லாம் போதுமா? இடம் சென்னை, மொட்டை மாடி. ஆயுத பூஜைக்குள்ள முடிக்கணும்.

---

உப்புத்தாள்:

முதல்ல பழைய பெயிண்ட் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க ப்ரோ, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். வெள்ளைத் துணியில என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) தின்னரை நனைச்சு டேங்க்ல ஒரு மறைவான இடத்தில அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. துணியில கறுப்பு ஒட்டினா அது கரையற லேக்கர். பெயிண்ட் சுருங்கி எழும்பினா எனாமல். ஒண்ணுமே ஆகலைன்னா கம்பெனியில சூடேத்தி அடிச்ச பெயிண்ட், அது கல்லு மாதிரி, அதைவிட நல்ல அடித்தளம் உங்களுக்கு கேன்ல கிடைக்காது. அதனால கம்பெனி பெயிண்ட் நல்லா ஒட்டியிருக்கிற இடத்தை மெனக்கெட்டு உரிக்காதீங்க. 400 நம்பர் உப்புத்தாள்ல மினுமினுப்பு போகிற வரை உரசினா போதும். உரியற இடம், துரு, அந்த பிரஷ் எனாமல், இந்த மூணு மட்டும் முழுசா போகணும். எனாமல் ஒரு திட்டு மிச்சம் இருந்தாலும் மேல வர்ற கேன் பெயிண்டோட கரைப்பான் உள்ள போய் அதை அப்பளம் மாதிரி பொங்க வெச்சிடும்.

டேங்க்கைக் கழட்டி பெட்ரோலை வடிச்சதும் வேலையை ஆரம்பிச்சிடாதீங்க. நிறைஞ்ச டேங்க்கைவிட காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள இருக்கிறது பெட்ரோல் ஆவியும் காத்தும். பெட்ரோல் டேப், ஃப்ளோட், மூடி எல்லாத்தையும் கழட்டிட்டு சோப்புத் தண்ணி விட்டு ரெண்டு தடவை குலுக்கி ஊத்துங்க. வெயில்ல கவுத்துக் காய வெச்சு, உள்ளே 50 மி.லி. 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) விட்டு எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்க. இல்லைன்னா வெளியே பெயிண்ட் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ளே துரு பிடிச்சிருக்கும்.

துருக் கொப்புளத்தைக் குத்தி, 120 நம்பர் உப்புத்தாள்ல வெள்ளை இரும்பு தெரியற வரை எடுங்க. குழிக்குள்ள கறுப்புப் புள்ளி நின்னா பாஸ்பாரிக் அமில துரு நீக்கியைத் தடவி, சொன்ன நேரம் விட்டு, தண்ணியில நல்லா கழுவி உடனே துடைச்சுக் காய வைங்க. வெறும் இரும்பு தெரிஞ்ச பிறகு அந்த இடத்தில தண்ணி விட்டுத் தேய்க்கவே கூடாது. சென்னைக் காத்துக்கு அரை மணியில செம்மண் நிறத்தில ஒரு படலம் வந்துடும். அதுக்கு மேல பிரைமர் அடிச்சா ஆறு மாசத்தில அதே இடத்தில அதே கொப்புளம்.

நசுங்கலுக்கு ரெண்டு பாகமா வர்ற பாலியஸ்டர் பட்டி. டியூப்ல வர்ற என்.சி. பட்டி 2 மி.மீ. குழிக்கு ஆகாது. அது காயக் காய இறங்கும், இன்னிக்குச் சமமா இருக்கிறது ஒரு மாசத்தில தொப்புள் மாதிரி குழிஞ்சு நிக்கும். ஊசித் துளை, உப்புத்தாள் கீறல் அடைக்க மட்டும் என்.சி. வெச்சுக்கோங்க. பாலியஸ்டர் பட்டிக்கு ஹார்டனர் எடையில 2 சதவீதம், அதாவது எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி. சீக்கிரம் இறுகட்டும்னு கூடுதலா பிழிஞ்சா அந்த பெராக்சைடு மேல ஏறி பெயிண்ட்ல கறையா தெரியும். கறுப்புல தப்பிச்சுடலாம், வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும் மாட்டிப்பீங்க. நம்ம வெயிலுக்கு கலந்த அஞ்சு நிமிஷத்தில கட்டியாகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க.

பட்டி எதுக்கு மேல போகுதுங்கிறதும் முக்கியம். 80 இல்ல 120ல கீறின வெறும் இரும்புக்கு மேல நேரா வைங்க. எட்ச் பிரைமர் (இரும்பைக் கடிச்சுப் பிடிக்கிற அமில பிரைமர்) அடிச்சுட்டு அதுக்கு மேல வெச்சீங்கன்னா, அதோட அமிலம் பட்டியை அடியில இறுக விடாது. மேல கெட்டியா இருக்கும், ஒரு தட்டு தட்டினா தகடா கழண்டு வரும். பட்டியை உலர்வாதான் தேய்க்கணும், அது தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும். 120ல உருவம் கொண்டு வந்து, 180, 320ன்னு இறங்குங்க. உப்புத்தாளை விரல்ல பிடிக்காதீங்க, விரல் நாலும் நாலு பள்ளம் போடும். பழைய ஹவாய் செருப்பை தீப்பெட்டி அளவுக்கு வெட்டி அதுல சுத்திக்கோங்க. டேங்க் வளைவுக்கு அது கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், கட்டையா வர்ற பிளாக்கைவிட இதுக்கு அதுதான் சரி.

அதுக்கப்புறம் வெறும் இரும்பு தெரியற இடத்தில மட்டும் எட்ச் பிரைமர் மெல்லிசா ஒரு கோட். அது காஞ்சதும் மொத்தத்துக்கும் சர்ஃபேசர், அதாவது ஃபில்லர் பிரைமர், ரெண்டு மூணு கோட். ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடை இங்கே கொண்டு வராதீங்க. அது கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நல்லது. எண்ணெய் சார்ந்தது, மெதுவா காயும், மேல லேக்கர் போனா பொங்கும்.

இப்ப ஒரு வேலை இருக்கு, பெரும்பாலானவங்க விட்டுடறாங்க. சாம்பல் பிரைமர் காஞ்சதும் மீந்த கறுப்பு கேனை இரண்டடி தள்ளிப் பிடிச்சு லேசா தூவுங்க, கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா விழணும், மூடக் கூடாது. பத்து நிமிஷம் கழிச்சு 600 வாட்டர் பேப்பரை செருப்புத் துண்டுல சுத்தி தண்ணி தொட்டுத் தேய்ங்க. மேட்டுல இருக்கிற புள்ளி முதல்ல போகும், பள்ளத்தில இருக்கிறது போகாம அப்படியே நிக்கும். பட்டி வெச்ச இடத்தைச் சுத்தி ஒரு வளையமா கறுப்பு நின்னா, ஓரம் இன்னும் சமமாகலைன்னு அர்த்தம். உள்ளங்கையை வெச்சுத் தடவினா தெரியாத அலை இதுல தெரியும். இந்த டெஸ்ட்ல தேறாத டேங்குக்கு கறுப்பு பளபளப்பு அடிச்சீங்கன்னா தெருவிளக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்த நசுங்கல் தெரியும். புள்ளி எல்லாம் ஒரே சீரா மறைஞ்சா தேறிடுச்சு. இடையில எங்கேயாவது இரும்பு தெரிஞ்சா அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர்.

கறுப்பு அடிக்கிறது இதில சின்ன வேலை. கேனை உள்ளே குண்டு உருள ஆரம்பிச்ச பிறகு ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்குங்க. 20லிருந்து 25 செ.மீ. தூரம். டேங்க்குக்கு வெளியே பித்தானை அழுத்தி, குறுக்கே போய், மறுபக்கம் வெளியே வந்து விடணும். ஒரு அடிக்கு ஒரு நொடி வேகம், முந்தின கோட்டில பாதியை அடுத்தது மூடணும். முதல் கோட் தூறல்தான், பிரைமர் தெரிஞ்சா தெரியட்டும். அடுத்த ரெண்டு மூணு கோட்ல மூடிக்கலாம், நடுவில 10 நிமிஷம். முழங்கால் படற குழிவையும் கீழ் விளிம்பையும் முதல்ல அடிச்சுட்டு மேல் முதுகைக் கடைசியா அடிங்க, அப்பதான் பறக்கிற தூசிப் பெயிண்ட் முதுகில வந்து படியாது. கேன்ல கடைசி கால் பாகம் வந்ததும் துப்ப ஆரம்பிக்கும், அதை மேல் பக்கத்துக்கு வெச்சுக்காதீங்க.

அளவு: டேங்க், ரெண்டு பேனல், கவுல் எல்லாம் சேர்த்து சுமார் ஒரு சதுர மீட்டருக்குள்ளதான் வரும். எட்ச் பிரைமர் சின்ன கேன் 1, சர்ஃபேசர் 400 மி.லி. 1, கறுப்பு 2, 2கே கிளியர் 2. உப்புத்தாள் 120, 180, 320, 400, 600 வகைக்கு ரெண்டு. கிளியரைப் பத்தி அடுத்தவங்க சொல்லட்டும், கை வலிக்குது.

---

மொட்டைமாடி_பூத்:

கிளியர் பற்றி. டேங்குக்கு 2கே கட்டாயம். பேனலுக்கும் கவுலுக்கும் விருப்பம்.

காரணம் எளிது. சாதா கேன் பெயிண்டும் 1கே கிளியரும் (ஹார்டனர் இல்லாத சாதா கிளியர்) கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கின்றன. அதே மாதிரி ஒரு கரைப்பான் திரும்ப வந்து பட்டால் மறுபடி இளகிவிடும். பெட்ரோல் அப்படிப்பட்ட கரைப்பான், இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அது இன்னும் மோசம். மூடிக்குக் கீழே நான்கு சொட்டு வழிந்து, பங்க் பையன் துணியால் துடைத்தால் கறுப்பு துணியோடு போய்விடும். ஒரு மாதம் காயவிட்டாலும், ஒரு வருடம் காயவிட்டாலும் இது மாறாது. 2கே கிளியரில் ரெசினும் ஹார்டனரும் வேதிவினை செய்து பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் முழுமையானபின் பெட்ரோல் அதைக் கரைக்காது.

2கே கேனின் அடியில் ஒரு பித்தான் அல்லது ஊசி இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்டனர் சிமிழ் உடையும். அழுத்திய பிறகு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அதோடு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கேனில் போட்டிருக்கும், நம் வெயிலில் அதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது, கேனோடு கல்லாகிவிடும். எனவே எல்லாப் பாகமும் கறுப்பு முடிந்து வரிசையாகத் தொங்கும்போதுதான் பித்தானைத் தொட வேண்டும்.

கறுப்பு முடிந்து எப்போது கிளியர்? சாதா கேன் கறுப்பு என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள், ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். அவசரப்பட்டால் அடியில் மாட்டிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் கிளியரில் குண்டூசித் துளைகளாக வெடிக்கும். ஒரு நாள் தாண்டிவிட்டால் 1000 வாட்டர் பேப்பரால் லேசாக மங்கவைத்த பிறகு அடியுங்கள், இல்லையேல் பிடிப்பு இருக்காது. கிளியர் முதல் கோட் மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள படலம். 10 நிமிடம் கழித்து இரண்டாவது முழு ஈரக் கோட். அடிக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், ஈரப் படலத்தில் தெரியும் வானத்தின் விளிம்பையோ டியூப்லைட்டையோ பாருங்கள். அந்தப் பிம்பத்தின் ஓரம் ரவை ரவையாகத் தெரிந்தால் வறண்டு விழுகிறது, கொஞ்சம் நெருங்கலாம் அல்லது கை வேகத்தைக் குறைக்கலாம். ஓரம் கத்தி மாதிரி தெரிந்த கணமே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும், அதற்குமேல் ஒரு வீச்சு போனால் வழியும். வழிந்துவிட்டால் விரலால் துடைக்க வேண்டாம். ஒரு வாரம் இறுகட்டும், பிறகு 1000ல் அந்தத் துளியை மட்டும் தேய்த்து எடுக்கலாம்.

மாஸ்க்: என்95ம் துணி மாஸ்க்கும் தூசிக்கானவை, கரைப்பான் ஆவியை அவை தடுக்காது. 2கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது, ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வாடையை வைத்து அது உள்ளே போகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதற்கு முன்னால் தூசி வடிகட்டியும் உள்ள ரப்பர் அரைமுக மாஸ்க், புதிதாகப் பிரித்த கார்ட்ரிட்ஜ், கண்ணை மூடும் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. தாடி இருந்தால் மாஸ்க் ஓரம் ஒட்டாது. திறந்த வெளியில் மட்டும் அடியுங்கள். ஏற்கெனவே வீசிங் உள்ளவர் 2கே கேனைத் தொடவே வேண்டாம். கேனில் இருந்து வரும் வாயுவே எரியக்கூடியது என்பதால் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. மாடிப்படி அறையில் சாமி விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்: சென்னையில் விடிகாலை ஈரப்பதம் மிக அதிகம். அப்போது லேக்கர் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிரில் காற்றின் ஈரம் படலத்தில் படிந்து கறுப்பு பால்போலப் பூத்துவிடும். நடுப்பகலில் டேங்க் சுடும், பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணலாக விழும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, நிழலில். புறங்கையை டேங்க்கில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு பத்து நிமிடம் கழித்து ஆரம்பித்தால் தூசி எழும்பாது. மழை பெய்த மறுநாள் மாலை மட்டும் வேண்டாம், விளக்கைப் போட்டதும் ஈசல் மொத்தமும் கிளியரில் வந்து இறங்கும்.

---

பட்டி_டிங்கர்:

மேல ரெண்டு பேரும் சொன்னதில தப்பில்லை. ஆனா தம்பி, கிளியரை மட்டும் வெளியே கொடுத்துடலாமேன்னு எனக்குப் படுது. பட்டி, பிரைமர், கறுப்பு வரைக்கும் வீட்டில பாருங்க. கிளியருக்கு ஒரு டூவீலர் பெயிண்டர்கிட்ட எடுத்துட்டுப் போனா, கன்ல 2கே கிளியர் ரெண்டு கோட் போட்டுத் தருவார். ரெண்டு 2கே கேன், மாஸ்க், கார்ட்ரிட்ஜ் எல்லாம் கூட்டிப் பாருங்க, பெரிய வித்தியாசம் இருக்காது. கன்ல வர்ற படலம் கேனைவிட கனமா, சீரா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, அவர்கிட்ட முன்னாடியே "அடியில கேன் பெயிண்ட் இருக்கு"ன்னு சொல்லிடுங்க. அவர் வழக்கமா போடற மாதிரி முதல் கோட்டையே ஈரமா போட்டா கறுப்பு இளகிப் போகும். முதல் கோட் தூசியா போடச் சொல்லணும்.

கீழ் விளிம்புத் துரு எனக்குக் கவலையா இருக்கு. வெளியிலிருந்து வந்த துருவா, உள்ளிருந்து வந்ததான்னு முதல்ல பாருங்க. ரெக்சின் கவர் போட்ட டேங்க்னா மழைத் தண்ணி கவருக்கும் டேங்குக்கும் நடுவில நின்னு கீழ் விளிம்பை அரிச்சிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனா டார்ச் அடிச்சு வாய் வழியா உள்ளேயும் பாருங்க. பெயிண்ட் வேலைக்கு முன்னாடி டேங்க்ல தண்ணி நிரப்பி, வெளியே துடைச்சுட்டு, அந்த விளிம்புல சாக்பீஸை உரசிவிட்டு ராத்திரி முழுக்க வைங்க. ஊசித் துளை இருந்தா சாக்பீஸ் மேல ஈரப் பொட்டு தெரியும். பட்டியோ எம்-சீலோ வெச்சு மூடி மேல பெயிண்ட் அடிச்சா பெட்ரோல் அதுக்கு அடியில ஊர்ந்து மொத்தப் பெயிண்டையும் தூக்கிடும். துளை இருந்தா பிரேசிங் வைக்கிறவர்கிட்ட போகணும், அதை வீட்டில நெருப்பு வெச்சு முயற்சி பண்ணவே கூடாது.

பேனல் காது: பேனலுக்குப் பின்பக்கம் அச்சில என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க, ஏபிஎஸ்ஸா பிபியான்னு, ரெண்டும் பிளாஸ்டிக் வகை. எழுத்து தேய்ஞ்சிருந்தா உள்பக்கத்தில பெயிண்ட் படாத இடத்தில பிளேடால ஒரு சீவல் எடுத்து தண்ணியில போடுங்க. மிதந்தா பிபி, மூழ்கினா ஏபிஎஸ்னு வெச்சுக்கலாம். ஏபிஎஸ்னா வேலை சுலபம். உடைஞ்ச பழைய ஏபிஎஸ் பேனல் துண்டைச் சின்னதா நறுக்கி அசிட்டோன்ல ஒரு ராத்திரி ஊற வெச்சா கூழாகும். காதைப் பொருத்தி அந்தக் கூழை உள்பக்கமா அடைச்சு ரெண்டு நாள் விட்டா அதே பிளாஸ்டிக்கா இறுகிடும். ஃபெவிக்விக் வேண்டாம். ரப்பர் குரோமெட்ல (காது போய் உட்கார்ற ரப்பர் வளையம்) காதைத் தள்ளி மாட்டற முதல் தடவையே டக்குன்னு ஒடியும். பிபின்னா அசிட்டோன் கரைக்காது. சால்டரிங் அயர்ன்ல ஸ்டேப்ளர் பின்னைச் சுட வெச்சு ரெண்டு பக்கமும் தைக்கிற மாதிரி பதிக்கணும். பெயிண்டுக்கு முன்னாடியும் பிபிக்கு பிளாஸ்டிக் பிரைமர் ஒரு மெல்லிய கோட் வேணும், அது இல்லாம என்ன அடிச்சாலும் நகத்தால சுரண்டினா தோல் மாதிரி வரும்.

பேனல் காதுகளுக்கு டேப் சுத்திடுங்க. அதுல பெயிண்ட் ஏறினா குரோமெட்டுக்குள்ள போகாது, நீங்க குத்தி உள்ளே தள்ளுவீங்க, ஒட்டின காது திரும்ப ஒடியும்.

நிறம் அதே கறுப்புங்கிறதால ஆர்.சி. விஷயம் ஒண்ணும் இல்லை. வேற நிறம் மாத்தறவங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.யில பதிய வைக்கணும். படிக்கிற புல்லட்காரங்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன்: ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121வது விதி. "மேட் ஆர்மி கிரீன்"னு கேன் கடையில கிடைக்குதுங்கிறதுக்காக அடிச்சுட்டு செக்கிங்ல முழிக்காதீங்க.

---

கருப்பு_பிளஸ்:

நன்றி அண்ணா, மூணு பேருக்கும். சாக்பீஸ் டெஸ்ட் பண்ணிட்டேன், ஈரம் இல்லை, உள்ளேயும் சுத்தமா இருக்கு. பட்டி முடிஞ்சு சர்ஃபேசரும் அடிச்சாச்சு. ரெண்டு பிரச்சினை. டேங்க் இடது பக்கம் ரெண்டாவது கோட்டில ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப்போச்சு, யானைத் தோல் மாதிரி. கவுல்ல நாலஞ்சு இடத்தில பெயிண்ட் விலகி வட்டக் குழி, நடுவில பழைய பெயிண்ட் தெரியுது. மேல இன்னொரு கனமான கோட் போட்டா மூடிடுமா?

---

உப்புத்தாள்:

மூடாது. ரெண்டும் இன்னும் பெருசாகும். கேனை வைங்க.

சுருக்கம் வந்தது இடது பக்கம், பிரஷ் எனாமல் இருந்த இடம். அதோட ஓரம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. முதல் கோட் மெல்லிசு, தாங்கிடுச்சு. ரெண்டாவதோட கரைப்பான் இறங்கி எனாமலை ஊற வெச்சு தூக்கிடுச்சு. இன்னொரு வாய்ப்பு கோட்டுக்கு நடுவில விட்ட நேரம். சில கேன்கள்ல "ஒரு மணிக்குள்ள அல்லது 24 மணி கழிச்சு"ன்னு போட்டிருக்கும். நடுவில மூணு நாலு மணி நேரத்தில போட்டா மேல காஞ்சு அடியில பச்சையா இருக்கிற படலத்தில கரைப்பான் நுழைஞ்சு இதே சுருக்கம் வரும். டேங்க்ல மத்த இடம் நல்லா இருக்கிறதால உங்களுக்கு எனாமல்தான்.

ரெண்டு நாள் காய விடுங்க. சுருங்கின இடத்தையும் அதைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்தையும் 180ல உலர்வா எடுத்து, ஓரத்தில தின்னர் துணியை அழுத்திப் பாருங்க. இன்னும் எழும்பினா இன்னும் எடுக்கணும். எழும்பாத கெட்டி ஓரம் கிடைச்சதும் 320, 400 வெச்சு சரிவா இறக்கி, எட்ச், சர்ஃபேசர். இந்தத் தடவை அந்த இடத்துக்கு மட்டும் நாலு தூறல் கோட், ஒவ்வொண்ணுக்கும் 15 நிமிஷம். ஈரமா பளபளன்னு தெரியவே கூடாது.

கவுல்ல வந்தது மீன்கண். அங்கே சிலிக்கான் இருக்கு. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், செயின் ஸ்பிரே, இதில ஏதோ ஒண்ணு வருஷக்கணக்கா தெறிச்சிருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கிற பாகம், பின்னாடி உட்கார்றவங்க பிடிக்கிற இடமும் அதுதான், தலைக்கு எண்ணெய் வெச்ச கையும் சும்மா இருக்காது. உப்புத்தாள் போடறதுக்கு முன்னாடி கழுவலைன்னா உரசும்போது அந்த எண்ணெயைக் கீறலுக்குள்ள தேய்ச்சு விடறீங்க. அதனால முதல்ல கழுவி, அப்புறம்தான் உரசணும்.

இப்போ: பிரைமர் காஞ்சதும் குழிகளை 400ல சமமாக்குங்க. பாத்திரம் தேய்க்கிற லிக்விட்ல கழுவிக் காய வைங்க. பிறகு ரெண்டு துணி: ஒண்ணு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்சது, இன்னொண்ணு உலர்ந்தது. ஈரத் துணியால ஒரு அடி நீளம் துடைச்சு, அது ஆவியாகிறதுக்கு முன்னாடியே உலர்ந்த துணியால எடுங்க. ஈரம் தானா காயட்டும்னு விட்டா எண்ணெய் கரைஞ்சு பரவி அதே இடத்திலதான் படியும். துணியை மடிப்பு மாத்திக்கிட்டே போகணும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இதுக்கு வேண்டாம், ரெண்டும் பிசுக்கு விட்டுட்டுப் போகும். பிளாஸ்டிக்ல என்.சி. தின்னர் வேண்டவே வேண்டாம், ஏபிஎஸ் மயிர்க்கோடு மாதிரி வெடிக்கும். அதுக்கப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க.

---

மொட்டைமாடி_பூத்:

அடிப்பதற்கு முன் இன்னும் இரண்டு இடங்கள்.

டேங்க் வாய்: செய்தித்தாளைச் சுருட்டி அடைக்காதீர்கள், அதன் தூள் உள்ளே விழும். துணிப் பந்தை உள்ளே வைத்து, கேஸ்கெட் உட்காரும் வளையத்தின் மேல் டேப்பை ஒட்டி பிளேடால் வட்டமாக வெட்டி எடுங்கள். அந்த வளையத்தில் பெயிண்ட் ஏறினால் மூடி சரியாக உட்காராது, பிறகு அது செதிலாக உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட் வரை போகும். வாயைச் சுற்றித் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அதில் ஒரு தீக்குச்சியைச் சொருகி வையுங்கள், பட்டியோ பிரைமரோ அதை அடைத்துவிடக் கூடாது.

டேப்பை உரிப்பது: கிளியர் கடைசிக் கோட் முடிந்து இருபது நிமிடத்தில், படலம் விரலில் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே, டேப்பை அதன் மேலேயே மடித்துச் சாய்வாக இழுக்க வேண்டும். மறுநாள் இழுத்தால் கிளியர் ஓரம் பற்கள் மாதிரி உடையும்.

ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருந்தால் கறுப்பு காய்ந்ததும், கிளியருக்கு முன். அதன் மேல் முதல் கிளியர் கோட் தூறலாக இருக்கட்டும். ஈரமாக விழுந்தால் ஸ்டிக்கர் ஓரம் சுருளும்.

---

கருப்பு_பிளஸ்:

சுருக்கம் முழுசா எடுத்து மறுபடி பிரைமர் போட்டாச்சு, இந்தத் தடவை எதுவும் எழும்பலை. கடைசிக் கேள்வி: கிளியர் முடிஞ்சு எத்தனை நாள்ல மாட்டலாம், பாலிஷ் எப்போ? பூஜைக்கு ஒம்பது நாள்தான் இருக்கு.

---

பட்டி_டிங்கர்:

2கேன்னா 24 மணியில கையில எடுக்கலாம், ரெண்டு நாள்ல வண்டியில மாட்டலாம். பெட்ரோல் மட்டும் ஏழு நாள் ஊத்தாதீங்க. பின்னல் முழுசா இறுகாத கிளியர்ல பெட்ரோல் பட்டா வெள்ளையா மங்கிடும். அதனால இன்னிக்கோ நாளைக்கோ கிளியர் முடிச்சாதான் உங்க கணக்கு ஒத்துவரும். முடியலைன்னா பூஜைக்கு வண்டியைத் தள்ளிட்டு வந்து நிறுத்துங்க, எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு இன்ஜின் ஓடணும்னு இல்லை. சந்தனம் குங்குமத்தை ஹெட்லைட் கண்ணாடியில வைங்க. புதுக் கிளியர்ல ஈரமா வெச்சு வெயில்ல காய விட்டா குங்குமச் சாயம் இறங்கி ரோஸ் நிறத்தில பொட்டு நின்னுடும்.

பாலிஷ் பூஜைக்கு அப்புறம் பாத்துக்கோங்க. தூசியும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பும் இருக்கிற இடத்தை மட்டும் 1500, 2000 வாட்டர் பேப்பர்ல, தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு, அதே செருப்புத் துண்டு வெச்சு. விளிம்பில, கோடு மாதிரி மடிப்பு வர்ற இடத்தில தேய்க்கவே தேய்க்காதீங்க, அங்கே கிளியர் மெல்லிசா இருக்கும், நாலு தேய்ப்புல கறுப்பு தண்ணியில வரும். பிறகு ரப்பிங் காம்பவுண்ட் கையாலயே போதும். வேக்ஸ் ஒரு மாசம் கழிச்சு.

டேங்க் முன்பக்க ரப்பர் புஷ் பழசா கல்லாகியிருந்தா புதுசு போட்டு மாட்டுங்க, இல்லைன்னா அதிர்வுல பெயிண்ட் உரசி அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும். அந்த ரெக்சின் கவரைத் திரும்பப் போடாதீங்க.